முதலில் குனிந்து அடியைப் பாருங்கள்: ஏரிப் படகு வாங்கும் டெக்சஸ் தமிழர்களுக்குத் திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

டாலஸ் சுற்றுவட்டாரத்தில் நம் குடும்பங்கள் சில கூட்டாகப் பணம் போட்டுப் பழைய பாய்மரப் படகு வாங்கத் தொடங்கியிருக்கின்றன. லூயிஸ்வில், கிரேப்வைன், ரே ஹப்பர்ட், வடக்கே மாநில எல்லையில் டெக்சோமா என்று நமக்கு ஏரிகளுக்குக் குறைவில்லை. வாரம் முழுக்கத் திரைமுன் உட்கார்ந்திருப்பவர்கள் சனிக்கிழமை காற்றில் பாய் விரிக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இதே வகைப் படகு ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்துப் பராமரித்து வருகிறவன் என்ற உரிமையில், படகு வாங்கியவர்களுக்கும், முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும், அவர்களோடு ஒரு நாள் ஏறிப் போகப்போகிற விருந்தாளிகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் கேட்கும் கேள்விகளைக் கவனித்து வருகிறேன். எந்த நிறப் பாய் போடலாம், எந்த ஜிபிஎஸ் நல்லது, ஸ்பீக்கரை எங்கே மாட்டுவது என்று கேட்கிறீர்கள். கீல் கேபிளைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று விற்பவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ட்ரெய்லரில் இழுத்துப் போகிற சிறு படகின் ஆயுளும், அதில் ஏறுகிறவர்களின் உயிரும் பெரும்பாலும் கரையிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. அதுவும் கண்ணில் படாத இடங்களில்: படகின் அடியில், சக்கரத்தின் குடத்துக்குள், தளத்தின் இரண்டு தோல்களுக்கு நடுவில், தலைக்கு மேலே. முதல் ஆண்டுப் பணமும் உழைப்பும் அங்கேதான் போக வேண்டும். பாய் பழையதாகவே இருக்கட்டும்.

நீங்கள் வாங்குவது அநேகமாக கேட்டலினா 22. பிராங்க் பட்லர் 1969இல் கலிபோர்னியாவில் கொண்டுவந்த படகு. 15,000க்கு மேல் கட்டப்பட்டிருக்கின்றன; அதனால்தான் முப்பது, நாற்பது வயதான படகுகள்கூட இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன, உதிரிபாகங்களுக்கும் பஞ்சமில்லை. நீளம் இருபத்தொன்றரை அடி, அகலம் 7 அடி 8 அங்குலம். நெடுஞ்சாலையில் அனுமதிச் சீட்டு இல்லாமல் இழுக்கக்கூடிய எட்டரை அடிக்குள் இது அடங்கிவிடுகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மடங்கும் கீல், அதாவது படகின் அடியில் நீருக்குள் இறங்கி நிற்கும் எடை: வார்ப்பிரும்பு, ஏறத்தாழ 250 கிலோ. இறக்கினால் படகு ஐந்தடி ஆழம் கேட்கும். மடக்கினால் இரண்டடி போதும். ட்ரெய்லரில் ஏற்ற முடிவதும் ஆழமில்லாத கரைக்கு வர முடிவதும் இந்த ஒரு வசதியால்தான். அந்த 250 கிலோ, முன்னால் ஓர் உலோக அச்சாணியிலும் பின்னால் விரலைவிட மெல்லிய ஒரு கம்பி வடத்திலும் தொங்குகிறது. நான் முதலில் பேச விரும்புவது அந்த இரண்டையும் பற்றி.

கேபின் படிக்கட்டுக்குக் கீழே ஒரு கை வின்ச் இருக்கும். அதிலிருந்து கேபிள் ஒரு ரப்பர் குழாய் வழியாக அடித்தட்டைத் துளைத்துக் கொண்டு இறங்கி, கீலின் பின்பக்கம் மாட்டியிருக்கும். உள்ளே நின்று பார்த்தால் உருளையில் சுற்றிய பாகம் மட்டும் தெரியும், பளபளவென்று. கெட்டுப்போவது கீழ்முனை. எப்போதும் ஈரத்தில், காற்றுப் படாத இடத்தில் கிடக்கிற துருப்பிடிக்காத எஃகும் துருப்பிடிக்கும். முனையில் பழுப்புக் கறை, ஒன்றிரண்டு இழை அறுந்து முள்போல நீட்டிக்கொண்டிருப்பது, வளைந்து திரும்பும் இடத்தில் தேய்வு: இவற்றில் எது கண்ணில் பட்டாலும் மாற்றிவிடுங்கள். விற்பவருக்கு எப்போது மாற்றியது என்று நினைவில்லை என்றால், பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். கீல் மேலே இருக்கும்போது கேபிள் அறுந்தால் அந்த இரும்பு முழு வேகத்தில் கீழே சுழன்று போய்த் தன் கூட்டில் மோதும். அடித்தட்டு பிளக்கும் அளவுக்கு அந்த அடி இருக்கும். நல்ல காற்றில் போகும்போது கேபிள் ரீங்காரமிடும். பயப்பட வேண்டாம், அது இந்தப் படகின் குணம். கீலைத் தூக்கும்போது 'டக் டக்' என்று விட்டு விட்டு வருகிற சத்தம்தான் கவலைக்குரியது.

அந்த ரப்பர் குழாயையும் தடவிப் பாருங்கள். அதன் கீழ்முனையைப் பிடித்திருக்கும் கிளாம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. குழாய் விறைத்து வெடிப்பு விட்டிருந்தாலோ கிளாம்ப் துருவேறியிருந்தாலோ, படகுக்குள் ஏரி வருவதற்கு அதுவே வழி. இரட்டைக் கிளாம்ப் போடுங்கள். கழுவு தொட்டி வடிகாலில் பழைய பித்தளை கேட் வால்வு இருந்தால் கழற்றிவிட்டு, படகுக்கென்று செய்த பந்து வால்வு பொருத்துங்கள். பித்தளை உள்ளுக்குள் அரித்துப் போயிருந்தால், திருகுகிற நேரத்தில் கைப்பிடி மட்டும் கையோடு வந்துவிடும்.

வின்ச்சைப் பற்றி ஒன்று. கீலை இறக்கும்போது கைப்பிடியை விட்டுவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழலும். மணிக்கட்டு உடைந்தவர்கள் உண்டு. பழைய ராட்செட் வின்ச் இருந்தால், கையை எடுத்ததும் நின்றுவிடுகிற பிரேக் வின்ச்சாக மாற்றுங்கள். குழந்தைகள் அந்தக் கைப்பிடியைத் தொடவே கூடாது. நீளமான துப்பட்டாவும் அவிழ்ந்த கூந்தலும் அதன் பக்கம் போகக் கூடாது.

அச்சாணியைப் பார்க்க, படகை ட்ரெய்லரிலிருந்து தூக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஆடி ஆடி ஆணியும் தேயும், அது நுழைந்திருக்கும் துளையும் முட்டை வடிவாக அகன்றுவிடும். அலையில் நிற்கும்போது அடியில் 'டொக்' என்று ஏதோ இடம் மாறுகிற மாதிரி இருந்தால் அதுதான் காரணம். கீலை இறக்கி வெளியே எடுத்து, துருவைச் சுரண்டி, எபாக்சி பிரைமர் பூசி, துளைக்குப் புதுப் புஷ் போட்டு, புது ஆணியில் மாட்டுவது இரண்டு மூன்று வார இறுதிகளைத் தின்னும் வேலை. செய்யக்கூடிய வேலைதான். ஆனால் கேபிளை மட்டும் நம்பித் தொங்குகிற கீலுக்கு அடியில் ஒருபோதும் தலையைக் கொடுக்காதீர்கள். கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கீல் அவற்றின்மேல் முழுதாக உட்கார்ந்த பிறகுதான் உள்ளே கை போக வேண்டும். படகைத் தாங்குகிற ஸ்டாண்டுகளை எதிரெதிராகச் சங்கிலியால் பிணையுங்கள்; இல்லையென்றால் ஒன்று வழுக்கும்போது மற்றதும் போகும். துணைக்கு ஆள் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

தளத்துக்கு வருகிறேன். மேலே நாம் மிதிக்கிற ஃபைபர்கிளாஸ் ஒரே கட்டியானதில்லை. இரண்டு தோல்களுக்கு நடுவே மரம் இருக்கிறது. ஒவ்வொரு திருகாணித் துளையும் அந்த மரத்துக்கு ஒரு வாசல். கரையிலிருந்து ஏறுகிறவர்கள் ஓரத்துக் கம்பியைப் பிடித்து இழுத்து ஏறுவார்கள், அடிப்பீடம் இம்மியளவு அசையும், அடைப்பு விலகும், மழைநீர் இறங்கி மரத்தை உளுக்கச் செய்யும். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தளம் முழுவதையும் தட்டிக்கொண்டே போங்கள். முற்றிய தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: கணீரென்று வந்தால் நல்லது, சத்தம் செத்து விழுந்தால் உள்ளே ஈரம்.

பாதிப்பு துளையைச் சுற்றி மட்டும் இருந்தால் நீங்களே சரிசெய்யலாம். பாகத்தைக் கழற்றி, துளையைச் சுற்றியுள்ள மக்கிய மரத்தை வளைத்த ஆணி மாட்டிய டிரில்லால் குடைந்தெடுங்கள். நன்றாக உலரவிடுங்கள், இந்தப் படியில் அவசரப்படுகிறவர்கள்தான் அடுத்த ஆண்டு அதே இடத்தைத் திரும்பத் தோண்டுகிறார்கள். கீழ்வாயை டேப்பால் மூடி, கெட்டிப்படுத்திய எபாக்சியை ஊற்றி நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே புதிதாகத் துளையிடுங்கள். இனி ஆணி மரத்தைத் தொடாது. மேலே பியூட்டைல் டேப் வைத்து இறுக்குங்கள். குளியலறைக்குப் பூசுகிற சிலிக்கோனைப் படகில் எங்கும் பூசாதீர்கள். அது ஒரு முறை படிந்த இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது. நம் ஊர் ஜூலை வெயிலில் எபாக்சி கலக்கும்போதே கிண்ணத்தில் புகைந்து கட்டியாகிவிடும். மெதுவாக இறுகும் ஹார்டனர் வாங்கி, விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து செய்யுங்கள்.

ட்ரெய்லரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். படகை வாங்குகிறவர் படகைப் பார்க்கிறார். ட்ரெய்லர் இலவசமாக வருகிற இரும்பு என்று நினைக்கிறார். படகு, ட்ரெய்லர், மோட்டார், சாமான் எல்லாம் சேர்ந்தால் எடை 1,500 கிலோவை ஒட்டியோ தாண்டியோ நிற்கும். நம்மிடம் இருக்கிற மினிவேன்கள் பலவற்றுக்கு இழுவையின் உச்சவரம்பு 3,500 பவுண்டு, அதாவது 1,600 கிலோ அளவு. ஏழு பேரையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, அந்த வரம்பின் விளிம்பில், நூறு டிகிரி வெயிலில் நெடுஞ்சாலையில் போவதை நான் ஏற்க மாட்டேன். உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். படகோடு ட்ரெய்லரைப் பொது எடைமேடையில் ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். போதாது என்றால் பிக்கப் வைத்திருக்கும் கூட்டாளியே இழுக்கட்டும். ட்ரெய்லரின் மூக்கு கொக்கியின்மேல் அழுத்துகிற எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் வால் ஆடத் தொடங்கும். ஆடத் தொடங்கிய ட்ரெய்லரை அடக்குவது கடினம்.

சக்கரத்தின் குடம், அதாவது ஹப், ஒரு மணி நேர ஓட்டத்தில் சூடேறியிருக்கும். வந்த வேகத்தில், படகை ஏரியில் இறக்குகிற சரிவான ரேம்ப்பில் இறக்கித் தண்ணீரில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அந்த வெற்றிடம் பின்சீல் வழியாக ஏரி நீரை உள்ளே உறிஞ்சும். கிரீஸ் பால்நிறமாகும், பேரிங் துருப்பிடிக்கும், அடுத்த பயணத்தில் நெடுஞ்சாலை ஓரத்தில் சக்கரம் கழன்று நிற்பீர்கள். அதனால் ஏரிக்குப் போனதும் முதலில் பாய்மரத்தை நிமிர்த்தும் வேலையைச் செய்யுங்கள். அதற்குள் ஹப் ஆறிவிடும். வழியில் நிறுத்தும்போதெல்லாம் ஹப்களைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அதன் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். ஆண்டுக்கொரு முறை பிரித்துக் கழுவிப் புது கிரீஸ் வையுங்கள். பேரிங்கோடு தயாராக ஒரு ஹப்பும் அதற்கேற்ற ஜாக்கும் வண்டியில் இருக்கட்டும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ட்ரெய்லர் டயர் ஓடித் தேய்வதற்கு முன்பே வெயிலில் நின்று நின்று செத்துவிடும். பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று திருப்திப்படாதீர்கள்.

வறட்சியில் ஏரி இறங்கிய ஆண்டுகளில் ரேம்ப்பின் கான்கிரீட் முடிவு தண்ணீருக்குள் எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டு இறக்குங்கள். மோட்டார் படகுகள் முழு விசையில் ட்ரெய்லர் ஏறுவதால் அந்த விளிம்பில் குழி விழுந்திருக்கும். சக்கரம் அதில் இறங்கினால் இழுப்பது பெரும்பாடு.

இந்த மடலில் ஒரு பத்தியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள். கேட்டலினா 22இன் பாய்மரம் 25 அடி நீள அலுமினியம். பிடித்திருக்கும் வடங்கள் எஃகு. ட்ரெய்லரின்மேல் படகு நிற்கும்போது அதன் உச்சி தரையிலிருந்து முப்பதடியைத் தாண்டும். ரேம்ப்புக்கும் நிறுத்துமிடத்துக்கும் நடுவே மின்கம்பி போகும் இடங்கள் உண்டு. பாய்மரம் கம்பியைத் தொட்டவர்கள் இந்த நாட்டில் இறந்திருக்கிறார்கள். ஹோபி 16 என்ற கடற்கரைப் படகின் பாய்மர உச்சியை 1980களில் மின்சாரம் கடத்தாத பொருளுக்கு மாற்றியதே இந்தச் சாவுகளால்தான். உயர் மின்னழுத்தம் என்றால் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாயும். நிமிர்த்துவதற்கு முன் ஒருவர் நடந்தே போய், நிமிர்த்துமிடத்திலிருந்து தண்ணீர் வரை அண்ணாந்து பார்த்துவிட்டு வர வேண்டும். ஒவ்வொரு முறையும். தெரிந்த ரேம்ப் என்றாலும்தான். ஒருவேளை பட்டுவிட்டால், படகின்மேல் இருப்பவர் கீழே காலை வைக்கக் கூடாது. கீழே இருப்பவர் படகையும் ட்ரெய்லரையும் வண்டியையும் தொடக் கூடாது, விலகிப் போய் 911ஐ அழைக்க வேண்டும். உதவ ஓடி வருகிறவர்தான் இரண்டாவதாக விழுகிறார்.

நிமிர்த்தும் வேலையே அவசரத்துக்கு ஆகாதது. பாய்மரம் பின்னோக்கிப் படுத்திருக்கும். முன்பக்கக் கீழ் வடங்கள் அந்த நிலையில் எட்டாது, அவற்றைத் தளர்த்தியோ கழற்றியோ வைக்க வேண்டும். வடத்தை இறுக்குகிற டர்ன்பக்கிள் ஒன்று மடங்கிச் சிக்கிக்கொண்டால் அதன் திருகு வளைந்துவிடும், அல்லது முறிந்துவிடும். அதனால் பாதி உயரத்தில் நிறுத்தி எல்லா வடங்களையும் பார்த்துவிட்டு மேலே ஏற்றுங்கள். தோள் பலத்தை நம்பாமல், ஜின் போல் என்கிற குத்துக்கம்பும் கப்பிக் கயிறும் வைத்துக்கொண்டால் இரண்டு பேரே நிதானமாகச் செய்யலாம். நிமிர்த்துகிறவரோடு அந்தச் சில நிமிடங்கள் யாரும் பேசக் கூடாது. ரேம்ப்பில் வந்து "இது என்ன படகு, எவ்வளவு விலை" என்று விசாரிக்கிற அன்பர்களிடம், முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

தண்ணீரில் இறங்கியபின் இந்தப் படகு மிகவும் நல்ல குணம் கொண்டது. கீல் முழுக்க இறங்காமல் பாய் ஏற்றாதீர்கள். ஏரியில் வெள்ளை நுரை பரவலாகத் தெரிந்தால் காற்று 12 நாட் வேகத்தைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டு, பெரிய பாயை ஒரு மடிப்புக் குறையுங்கள். குறைக்கலாமா என்று தோன்றுகிற நேரமே குறைக்க வேண்டிய நேரம். பெரிய பாயின் கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் பேச்சில் மூழ்காமல் கையிலேயே வைத்திருங்கள். பலத்த வீச்சு வந்தால் விட்டுவிடலாம், படகு தானே நிமிரும். காற்று உரத்த நாளில் கேபின் வாசலுக்குப் பலகை போட்டு, உட்காரும் பெட்டிகளின் மூடிகளைத் தாழிடுங்கள். மிதவை நுரை இல்லாத பழைய படகு சாய்ந்து நீர் புகுந்தால் மூழ்கிவிடும். வசந்தத்தில் வடமேற்கே கருத்துக்கொண்டு வந்தால், குளிர்காலத்தில் வெப்பம் திடீரென்று இறங்கி வடகாற்று திரும்பினால், பாயை இறக்கிவிட்டு மோட்டாரில் கரைக்கு வாருங்கள். அந்த மோட்டார் கிளம்ப வேண்டும் என்றால், எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் கார்புரேட்டரில் தேங்கவிடக் கூடாது.

நம் வீட்டுப் பெரியவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஓடும் படகில் லைஃப் ஜாக்கெட் அணிந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் படகுகளில் அந்தச் சட்டத்தை எல்லா வயதினருக்கும் நாமே நீட்டிக்கொள்வோம். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள்: படகு விபத்தில் மூழ்கி இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜாக்கெட் அணியாதவர்கள். புடவைக்கு மேல் போட்டால் படம் நன்றாக வராது என்று அம்மா சொன்னால், படத்தைக் கரையில் எடுத்துக்கொள்ளலாம்.

கூட்டாக வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. செலவு நாலாகப் பிரிகிறது. பொறுப்பும் நாலாகப் பிரிந்து காணாமல் போகிறது. கிரீஸ் வைத்தது அவர்தான் என்று இவரும், இவர்தான் என்று அவரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். கூட்டுப் படகுகள் பல வெயிலில் புல் மூடி நிற்பதற்கு இதைவிட வேறு காரணம் நான் கண்டதில்லை. ஆண்டுக்கு ஒருவர் என்று முறைவைத்து முழுப் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் படகிலேயே இருக்கட்டும்: கேபிள் மாற்றிய தேதி, பேரிங் பிரித்த தேதி, டயரின் வயது, மோட்டாரின் நீர் இறைக்கும் இம்பெல்லர் மாற்றிய தேதி, எந்தத் துளைக்கு எபாக்சி போட்டது. வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் பிறந்தநாள் வாழ்த்துக்கு அடியில் புதைந்துவிடும்.

ஏரி மாறிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வரிச்சிப்பிகள், அதாவது ஜீப்ரா மஸல், டெக்சஸில் முதலில் 2009இல் டெக்சோமாவில் கண்டுபிடிக்கப்பட்டன. பிறகு பல ஏரிகளுக்குப் படகுகளோடு பயணம் செய்தன. ஏரியை விட்டுக் கிளம்புமுன் தண்ணீர் முழுவதையும் வடிப்பது சட்டக் கட்டாயம். நம் படகில் அந்தத் தண்ணீர் ஒளிந்துகொள்ளும் இடம் கீல் கூடு. ட்ரெய்லரில் ஏறியதும் கீலைச் சற்றே தளர்த்தி, கூட்டைக் குழாய்த் தண்ணீரால் கழுவி, வடியவிட்டுக் காயவைத்த பிறகே வேறு ஏரிக்குப் போங்கள்.

இனி, நடக்க வேண்டியதைப் பேசுவோம். கீல் வேலைக்கு வேண்டிய ஸ்டாண்டுகள், ஜாக், மரக்கட்டைகள் என்னிடம் ஒரு தொகுதி இருக்கின்றன. படகு வைத்திருப்பவர்கள் ஆளுக்கொரு வார இறுதியாகப் பிரித்துக்கொண்டால் பிப்ரவரி முடிவதற்குள் எல்லாப் படகுகளின் அடியையும் பார்த்துவிடலாம். மார்ச் மாதக் காற்றுக்குத் தயாராக இருக்கும். இன்னும் வாங்காதவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் என்னையோ, கீல் வேலை செய்து பழகிய வேறு யாரையோ அழைத்துப் போங்கள். டார்ச் விளக்கு, பழைய போர்வை ஒன்று, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர், இவ்வளவு இருந்தால் போதும். போர்வை, அடியில் படுத்துப் பார்ப்பதற்கு.

அன்புடன்,
உங்கள் ஏரிக்கரை நண்பன்